துணைக்கு இருக்கும் ஆளுக்குக் கூலி யார் தருவது?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும், சமுசிகாபுரத்திலும், அய்யனாபுரத்திலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலும் நெய்யப்படுவது வேட்டியல்ல, சேலையல்ல, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. டாக்டர்கள் 'காஸ்' என்றும் 'பேண்டேஜ்' என்றும் சொல்கிறார்களே, அந்த மெல்லிய, கண் விட்டு நெய்த வெள்ளைத் துணி. இங்கே பாவு ஓடி, ஊடை பாய்ந்து, சலவைக்குப் போய், சுருள் சுருளாகச் சுற்றப்பட்டு நாட்டின் நாலா திக்குக்கும் போகிறது. கடல் கடந்தும் போகிறது. எங்கோ ஓர் ஊரில் ஆபரேஷன் மேஜைமீது கிடக்கும் ஒரு மனிதனின் ரத்தத்தை உறிஞ்சும் துணி, நம் தோழன் ஒருவன் இரவு ஷிப்டில் கண் விழித்து நெய்த துணியாக இருக்கலாம்.

அந்தத் தோழனின் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால்?

ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் துணி கொடுக்கிறவன், தன் வீட்டு நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, கையில் பஸ் கட்டணம் இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்க்கிறான். ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நாய் ஞாபகம் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா ஞாபகம் வருகிறது. அந்த நாய்க்கு 2005-ம் ஆண்டில் தபால் தலையே வெளியிட்டார்கள். வெளியிடட்டும், நல்ல ஜாதி நாய்தான். சின்னத் தறிக்கூடத்தில் தார் மாற்றி, நாடா போட்டு, நூல் அறுந்த இடத்தில் முடிச்சுப் போடும் மனிதனுக்கு ஒரு ஈ.எஸ்.ஐ. அட்டை கொடுப்பதற்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டுத்துணி நெய்யும் தொழிலாளி ஒருவனின் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்தாகவேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை, பலருக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப் போட்டதுபோல் கிடக்கவேண்டும். போக, வர, முறை வரும்வரை காத்திருக்க, முடிந்தபின் தலைசுற்றல் அடங்க என்று அந்த நாள் முழுவதும் போய்விடும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். இயந்திரம் இனாம், ஊசி இனாம், படுக்கை இனாம். ஆனால் வாரத்தில் வேலை நாள் ஆறு. மூன்று நாள் அவளோடு போய்விட்டால் மிச்சம் மூன்று நாள். கூலி சரிபாதி! பஸ்ஸும், டீயும், வெளியே எழுதிக் கொடுக்கும் பரிசோதனையும் சேர்ந்து செலவோ முன்னைவிட அதிகம்.

இனாமாகக் கிடைத்த வைத்தியம் பாதிக் கூலியைத் தின்றுவிட்டது. எந்த ரசீதிலும் இந்தத் தொகை ஏறாது. எந்த மந்திரியின் சட்டசபைப் பதிலிலும் இது வராது. ஏழையை நோய் கொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கு கொன்றுவிடுகிறது என்பதை வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்வான்.

"நாலு நாள் லீவு போட்டால் போயிற்று" என்பார் மாதச் சம்பளக்காரர். தறிக்காரனுக்கு லீவு ஏது? அவன் கூலி துணியின் அளவுக்கு. தறி ஓடினால் சோறு, ஓடாவிட்டால் இல்லை. உண்மையில் தறி நிற்பதுகூட இல்லை. இவன் வராத நாளில் வேறோர் ஆளைப் போட்டு ஓட்டிக்கொள்கிறார்கள். மாதம் இரண்டு ஆனதும் அந்த வேறோர் ஆளே நிரந்தர ஆளாகிவிடுகிறான். அவனும் நம் ஆள்தான், அவன் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். யாரை நோவது?

இனி ஆஸ்பத்திரிக்கு உள்ளே வாருங்கள். ஜில்லாவின் சிறிய ஆஸ்பத்திரிகளில் முடியாதென்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவது பரம்பரை வழக்கம். ராஜபாளையத்திலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். 2022 ஜனவரியில் விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தபின் தூரம் குறைந்திருக்கிறது. அது ஜனங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் எந்த ஆஸ்பத்திரியானாலும் வார்டின் முதல் சட்டம் ஒன்றே: "நோயாளிக்கு யாராவது ஒரு ஆள் கூடவே இருக்கணும்!"

எதற்கு இந்த ஆள்? ஸ்ட்ரெச்சர் தள்ள. ரத்தம் எடுத்த குப்பியைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக. எக்ஸ்ரே வரிசையில் நிற்க. குளுக்கோஸ் தீரும் நேரத்தில் விழித்திருந்து நர்ஸம்மாவைக் கூப்பிட. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க, முதுகு புண்ணாகாமல் துடைக்க, பாத்திரம் எடுக்க, வாயில் கஞ்சி ஊற்ற. இவற்றில் பாதிக்கு மேல் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் செய்யவேண்டிய வேலை. நர்ஸுகளை நான் குறை சொல்லவில்லை. ஒரு பெண்ணின் தலையில் ஒரு வார்டையே கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களிலும் எத்தனையோ பேர் ஒப்பந்தக் கூலிகள். தேவைப்படும் ஆட்களை நியமிக்காமல், அந்த வேலையை நோயாளியின் மகன்மீதும் மகள்மீதும் தள்ளிவிட்ட நிர்வாக முறையைத்தான் சொல்கிறேன்.

ஆகவே தோழர்களே, இதைப் பாசம் என்ற ஒரு சொல்லால் மூடிவிட முடியாது. பாசம் இருக்கிறது, அது நம் வீட்டு விஷயம். அதற்கு அப்பால் இது உழைப்பு. இரவும் பகலும் செய்யப்படும் உழைப்பு. சம்பளப் பட்டியலில் பெயரில்லாத ஓர் ஊழியர் படை நாட்டின் ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறது. அந்தப் படை ஒரே ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தால் வார்டுகள் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

துணைக்கு இருக்கும் ஆளுக்கு வார்டில் ஒரு பாஸ் கொடுப்பார்கள். சர்க்கார் காகிதத்தில் கோபுர முத்திரை இருக்கும். அது எங்கள் ஊர்க் கோபுரம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். பேசட்டும். அந்தப் பாஸுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். பெண்கள் வார்டில் ராத்திரிக்கு ஆண் துணையை விடமாட்டார்கள். அப்படியானால் தாய் படுத்தால் யார் போவது? மூத்த மகள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிறவள். பரீட்சை போகிறது, பள்ளிக்கூடம் போகிறது. தகப்பன் படுத்தாலோ வேறு கதை. மகள் பஞ்சாலை விடுதிக்குப் போகிறாள். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி, வருஷக் கணக்காகப் பெண் பிள்ளைகளை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய 'சுமங்கலி' முறை தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளில் எப்படி வேர் பிடித்தது? ஏழை வீட்டில் வரதட்சணைப் பயமும் வைத்தியக் கடனும் கைகோத்து நின்றதால்தான். ஒருவருக்கு வந்த நோய் இன்னொருவரின் படிப்பைத் தின்கிறது. இதற்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவார்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1944-ல் பேராசிரியர் அதார்கர், ஆலைத் தொழிலாளருக்கு நோய்க்கால இன்ஷூரன்ஸ் வேண்டுமென்று அறிக்கை கொடுத்தார். 1946-ல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி, பணம் கொடுக்க முடியவில்லை என்பதற்காக எவருக்கும் தக்க வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்ற தத்துவத்தை எழுதி வைத்தது. 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955-ல் நம் பக்கம் கோயமுத்தூருக்கு வந்தது. சும்மா வந்ததல்ல. சங்கம் வைத்துப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளி நாட்டில் இருந்ததால் வந்தது.

சாமானியமான சட்டமல்ல அது. அட்டை உள்ள தொழிலாளி நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது கிடைக்கும். காசநோய், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு, நிபந்தனைகள் பொருந்தினால், இரண்டு வருஷம்வரை நூற்றுக்கு எண்பது கிடைக்கும். மனைவி மக்களுக்கும், அவனையே நம்பியிருக்கும் தாய் தகப்பனுக்கும் வைத்தியம் உண்டு. அட்டை வைத்திருந்தும் இந்த எண்பது விஷயம் தெரியாமல் வட்டிக்கு வாங்கிய ஆலைத் தொழிலாளர் உண்டு. இதைத் தெரியப்படுத்தாத சங்கக் கிளை எதற்கு இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாக இருக்கவேண்டும். ஆறு தறி, எட்டுத் தறி வைத்து நாலைந்து பேரை வேலை வாங்கும் கூடம் வெளியே நின்றுவிடுகிறது. பெரிய கூடத்தைத் தடுப்புப் போட்டு மூன்று பெயரில் மூன்று கூடமாகக் காட்டும் கெட்டிக்காரத்தனமும் தொழில் உலகம் அறியாததல்ல. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. படுத்தவன் தொழிலாளியாக இருந்தால் அவனுக்குப் படி உண்டு. தொழிலாளியின் மனைவியோ தாயோ படுத்து, அவன் துணைக்கு இருந்தால்? வைத்தியம் உண்டு, அவன் இழந்த கூலிக்கு ஒரு காசு இல்லை. துணைக்கு இருக்கும் ஆள் என்ற ஒரு பிறவி இந்த உலகத்தில் இருப்பதையே சட்டம் பார்க்கவில்லை.

விசைத்தறித் தொழிலாளருக்கு நலவாரியம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, சாவுக்கு உதவி உண்டு. அறுபது வயதில் பென்ஷன் உண்டு. செத்தால் பணம், சாகாமல் காப்பாற்றப் பக்கத்தில் உட்கார்ந்த நாட்களுக்குக் கூலி கிடையாது!

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் வந்தது. அந்த அட்டையால் இதய ஆபரேஷன் செய்து பிழைத்தவர் நம் கிளைகளிலேயே இருக்கிறார்கள். நன்மையை நன்மை என்று ஒப்புக்கொள்வோம். ஜனங்களின் வரிப் பணம் இன்ஷூரன்ஸ் கம்பெனி வழியாகத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவேண்டும், அதே பணத்தில் சர்க்கார் வார்டுக்கு ஆள் போடலாமே என்ற நம்முடைய பழைய வாதம் அப்படியே நிற்கிறது. அதை இன்று விரிக்கப்போவதில்லை. இன்றைய விஷயத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: அந்த அட்டை ஆபரேஷனுக்குப் பேசும், ஆபரேஷனுக்குப் பின் மாதக் கணக்கில் வெளியே வாங்கும் மாத்திரைக்குப் பேசாது, போன கூலிக்கு நிச்சயமாகப் பேசாது.

சீமையில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். வேல்ஸ் நாட்டில் ட்ரெடேகர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். டேவிட் பெவன் என்ற சுரங்கத் தொழிலாளி கரித் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கல்லாகி, 1925-ல் தன் மகனின் கைகளிலேயே உயிர் விட்டார். நஷ்டஈடு ஒரு காசு கிடைக்கவில்லை. ஏன்? அந்த நோய் அப்போது தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் இல்லையாம்! தகப்பனை மடியில் போட்டுக்கொண்டிருந்த அந்த மகன் அனூரின் பெவன், தானும் பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்.

அந்த ஊரில் தொழிலாளர்கள் ஒரு வைத்திய உதவிச் சங்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் வாரக் கூலியில் சில பென்னிகளைப் போடுவார்கள். அதிலிருந்து டாக்டருக்குச் சம்பளம், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம். பெவன் அந்த ஆஸ்பத்திரிக் கமிட்டியில் உட்கார்ந்து நிர்வாகம் கற்றார். 1945-ல் தொழிற்கட்சி சர்க்காரில் சுகாதார மந்திரியானார். 1948 ஜூலை 5-ந் தேதி பிரிட்டன் முழுவதற்கும் இலவச வைத்தியம் தரும் தேசிய சுகாதாரச் சேவை அவர் கையால் தொடங்கியது. தம் ஊர்ச் சங்கத்தில் இருந்ததை நாடு முழுவதற்கும் விரிப்பதே தம் நோக்கம் என்றார். டாக்டர்கள் சங்கம் எவ்வளவு எதிர்த்தது, பத்திரிகைகள் எவ்வளவு ஏசின என்பதெல்லாம் தனிப் புராணம்.

இதை ஏன் ராஜபாளையத்தில் சொல்லவேண்டும்? நம் பஞ்சாலையிலும் தூசி இருக்கிறது. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்தவனைக் கேளுங்கள். வார லீவு முடிந்து மறுநாள் வேலைக்குப் போனதும் நெஞ்சை அடைக்கும். இரண்டு நாளில் சரியானதுபோல் இருக்கும். வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் அடைக்கும். பஞ்சுத் தூசி நோய் என்பது இதுதான். டேவிட் பெவனின் நோய் அன்று பட்டியலில் இல்லை; நம்முடையது இருக்கிறது. சர்க்காருக்கு அறிவிக்கவேண்டிய நோய் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலிலேயே எழுதினார்கள். எத்தனை பேரை அப்படி அறிவித்திருக்கிறார்கள் என்று தோழர்கள் அவரவர் ஆலையில் கேட்டுப் பார்க்கட்டும். 'ஆஸ்த்மா' என்றும் 'பீடிப் பழக்கம்' என்றும் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், மூச்சிரைக்கும் அந்தக் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் பாரம் ஆலை வாசலைத் தாண்டிக் குடிசைக்குள் வந்துவிடுகிறது. லாபம் அங்கே, இருமல் இங்கே.

குடிசைக்குள் வந்த பாரத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? முதலில் தோடு போகும். பிறகு கைமாற்று. பிறகு வட்டிக்காரன். 2003-ம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் போட்டாயிற்று. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு யாரும் நிற்பதில்லை. தறி உள்ள ஊர்களில் இன்னொரு வழியும் உண்டு: முதலாளியிடம் முன்பணம். அவசரத்துக்குக் கொடுத்த மகராசன் என்று கும்பிட்டு வாங்குகிறான். கடன் தீரும்வரை வேறு கூடத்துக்குப் போக முடியாது. கூலி கூட்டிக் கேட்க முடியாது. சங்கக் கூட்டத்துக்கு வர முடியாது. முன்பணத்துக்கு ஆளைக் கட்டிப்போடுவது 1976-ம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை, குற்றம். நம் சங்கங்கள் ஏன் இளைக்கின்றன என்று மாநாடுகளில் நீண்ட தீர்மானம் எழுதுகிறோம். ஆஸ்பத்திரிக் கடனில் மாட்டிய தோழன் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோமா?

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். நம் மேற்கு மலையின் மறு சரிவுதான் கேரளம். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில், தீராத நோயாளிகளின் வலி தணிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் ஜில்லாவில் அது ஊர் ஜனங்களின் கைக்கு வந்தது. சாதாரண ஆட்கள், கூலிக்காரர், கடைக்காரர், மாணவர், வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, படுத்த படுக்கையாகக் கிடப்பவர் வீட்டுக்குப் போகப் பழகினார்கள். 2008-ல் அந்த ராஜ்ய சர்க்கார் அதைக் கொள்கையாகவே அறிவித்தது. படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 600 ரூபாய் தரும் 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டமும் அங்கே வந்தது. அற்பத் தொகை, பாக்கி விழுகிறது என்ற புகாரும் உண்டு. ஆனால் சர்க்கார் ஏட்டில் 'பார்த்துக்கொள்ளும் ஆள்' என்று ஒரு பெயர் ஏறிவிட்டது. அந்தப் பெயர் நம் ஏட்டிலும் ஏறவேண்டும்.

நம் ஊரில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது, நல்ல காரியம். வீட்டில் வைத்துப் பார்ப்பது மட்டமான வைத்தியமல்ல என்று உலகத்துக்குக் காட்டியதும் சென்னைப் பட்டணம்தான். 1956-ல் அங்கே காசநோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் தந்தார்கள். இன்னொரு பிரிவை நெருக்கடியான குடிசை வீடுகளிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-ல் வெளியிட்ட முடிவு: இரு பிரிவுக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றே; வீட்டிலிருந்தவரால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் அதன்பின் மாறியது. விஞ்ஞானிகளுக்குப் புகழ் கிடைத்தது, சரியே. அந்தக் குடிசைகளில் வேளை தவறாமல் மருந்து எடுத்துக் கொடுத்த பெண்டுகளின் உழைப்பை நான் கூடவே வைத்து எண்ணுகிறேன்.

கோரிக்கைக்கு வருகிறேன். துணைக்கு இருப்பவருக்கு நாள் படி வேண்டும் என்றால், "எல்லாரும் துணைக்கு இருக்கிறேன் என்று வீட்டில் படுத்துக்கொள்வான், எப்படி நம்புவது?" என்று கேட்பார்கள். இதற்குத்தான் அந்தக் கோபுர முத்திரைப் பாஸ்! எந்த நோயாளிக்கு, எந்த வார்டில், எந்தத் தேதியில் யார் துணை என்று சர்க்கார் ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்த சாட்சி. அதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? மத்திய சர்க்காரில் வேலை செய்யும் பெண்களுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, நோய்க்காலம் உட்பட, மொத்தம் 730 நாள் லீவு 2008-ல் வந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆபீஸர் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நியாயமானது, தறிக்காரன் வீட்டுக் குழந்தைக்கு வந்தால் சோம்பேறித்தனமா? சோவியத் நாடு இருந்தவரை அங்கே குடும்பத்தில் நோயாளியைக் கவனிக்கும் தொழிலாளிக்குச் சமூக இன்ஷூரன்சிலிருந்து சில நாள் படி உண்டு. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர் பற்றி உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 1981-ல் ஓர் ஒப்பந்தமே செய்தது. இந்தியா அதில் சேரவில்லை.

பணம் எங்கே என்பார்கள். பீடிக்கு 1976-ல் தனி வரி போட்டு, அதில் பீடித் தொழிலாளருக்கு ஆஸ்பத்திரி கட்டினார்கள். நெல்லைச் சீமையில் முக்கூடலில் போய்ப் பார்க்கலாம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டது வேறு அக்கிரமம். கட்டடத் தொழிலாளருக்குக் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று வசூலிக்கும் சட்டம் 1996-ல் வந்தது. கட்டுத்துணிக்கு அப்படி ஒரு சிறு வரி போட்டால் யார் தலையில் விடியும்? வாங்குவது ஆஸ்பத்திரிகள். நோயாளிக்குக் கட்டும் துணியில் ஒரு நூல் அளவு விலை கூடினால், நெய்தவன் வீட்டு நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிம்மதியாக உட்காரலாம்.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை நாம் எதிர்க்கிறோம், எதிர்த்துக்கொண்டே இருப்போம். ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த கூடமும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் சம்மதித்தால் ஈ.எஸ்.ஐ.க்குள் வரலாம் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறது. எதிரியின் கோட்டையில் திறந்து கிடக்கும் ஜன்னலை விட்டுவிட்டு வருவது வீரமல்ல. கூலி உயர்வுப் பேச்சில் முதலாளிகள் உட்காரும்போது இந்தச் சம்மதத்தையும் மேஜைமேல் வைத்து வாங்கவேண்டும்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சாவு வீட்டுக்கு நாம் தவறுவதில்லை. கொடியைப் போர்த்தி, மாலை போட்டு, முஷ்டி உயர்த்தி, சுடுகாடு வரை போகிறோம். அந்தத் தோழன் மூன்று மாதம் வார்டில் கிடந்தபோது எத்தனை பேர் ஒரு ராத்திரி துணைக்குப் படுத்தோம்? ஆரஞ்சுப் பழப் பையோடு போய்ப் பத்து நிமிஷம் நின்று, "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறோம். துணைக்கு இருப்பது பெண் பிள்ளை வேலை என்ற எண்ணம் செங்கொடி பிடித்த கையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கிளையில் இருபது உறுப்பினர் இருந்தால், முறை வைத்து ஆளுக்கொரு ராத்திரி போனாலும் அந்தக் குடும்பத்துக்கு மாதத்தில் இருபது இரவு தூக்கம் கிடைக்கும். பெண்கள் வார்டுக்கு மாதர் சங்கத் தோழியர் முறை வைத்தால் ஒரு பெண் பிள்ளையின் பரீட்சை தப்பும். ரத்தம் வேண்டுமென்றால் வாலிபர்கள் வரிசையில் நிற்பார்கள். அந்தப் பெயர் நமக்கு ஏற்கனவே உண்டு.

தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லவேண்டிய சிறு சிறு விஷயங்களும் எவ்வளவோ. புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்றுதான் சென்னைக்குப் போகிறது. காப்பீட்டு அட்டை வேண்டுமென்றால் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். ஆள் படுத்தபின் தாலுகா ஆபீஸுக்கு ஓடுவதைவிட, நல்லபடியாக இருக்கும்போதே வாங்கி வைப்பது உத்தமம். ஒவ்வொரு கிளை ஆபீஸிலும் ஒரு நோட்டுப் போட்டு, யார் வீட்டில் அட்டை இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று எழுதுங்கள். எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அடுத்த கூலி ஒப்பந்தத்துக்கு மனுத் தயாரிக்கும்போது, கூலி உயர்வு, போனஸ், பண்டிகை லீவு ஆகியவற்றோடு இதையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள்: ஆஸ்பத்திரிப் பாஸ் காட்டும் தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அரைக் கூலி, அவன் தறி அவனுக்கே. முதல் பேச்சில் சிரிப்பார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் சிரித்தார்கள்.